பீனட்ஸா, கால்வினா, வேதாளரா: ஒரு முழம் இடத்துக்கு எதை வாங்குவது?

என் புத்தக அலமாரியின் மூன்றாவது தட்டில் ஒரு முழம் இடம் காலியானது. பழைய சட்டப் புத்தகங்களை ஒரு நூலகத்துக்குக் கொடுத்ததால் கிடைத்த இடம். அங்கே நாளிதழ்ச் சித்திரத் தொடர் ஒன்றின் தொகுப்பை வாங்கி வைப்பது என்று தீர்மானித்தேன். ஒன்றுக்கு மேல் வாங்கப் பணமும் இல்லை, வைக்க இடமும் இல்லை. படிக்கப்போகிறவர்கள் இரண்டு பேர்: ஐம்பதைத் தொட்டுவிட்ட நான், ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டு, சனிக்கிழமைதோறும் வந்து அலமாரியைக் குடையும் என் அக்காள் மகள்.

நண்பர்களிடம் யோசனை கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஒருவர் வேதாளர் என்றார், வேறு பேச்சுக்கே இடமில்லை என்றும் சொன்னார். இன்னொருவர் கால்வினும் ஹாப்ஸும் இல்லாத வீடு வீடே இல்லை என்றார். மூன்றாமவர், இலக்கியம் படிக்கிறவர், கிரேஸி கேட் என்று சொல்லிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பீனட்ஸ் என்று யாரும் சொல்லவில்லை. பீனட்ஸில் வரும் நாயான ஸ்னூப்பி படம் போட்ட தலையணை உறை மட்டும் அவர்களில் இருவர் வீட்டில் இருக்கிறது.

எதை வைத்து இவற்றை எடைபோடுவது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தினத்தந்தியில் 1960 முதல் வந்துகொண்டிருக்கும் கன்னித்தீவை நினைத்துப் பாருங்கள். முடியாத வழக்கையும் முடியாத சாலைப் பணியையும் கன்னித்தீவு என்று சொல்லும் அளவுக்கு அது நம் பேச்சில் ஊறிவிட்டது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அரை நிமிடத்தில் படித்துவிட்டு, சிந்துபாத்துக்கு நாளை என்ன ஆகுமோ என்ற சிறு அரிப்போடு பக்கத்தைத் திருப்புவதுதான் அதன் ருசி. இரண்டாயிரம் நாள் கன்னித்தீவை ஒன்றாகத் தைத்து மடியில் வைத்தால் அந்த ருசி நிற்குமா? நேற்று நடந்ததை இன்று நினைவூட்டும் முதல் கட்டமும், நாளைக்கு வரச்சொல்லி இழுக்கும் கடைசிக் கட்டமும் பக்கத்துக்குப் பக்கம் முட்டும். நாளிதழ்த் தொடர் நாளொன்றுக்கு ஒரு வாய் என்று அளந்து ஊற்றப்பட்ட பானம். தொகுப்பு வாங்குகிறவர் அதைக் குடத்தோடு வாங்குகிறார். குடத்தில் எது தாங்கும் என்பதுதான் என் கேள்வி. எது உயர்ந்த கலை என்பது வேறு வழக்கு. அதை மூன்றாம் நண்பரிடம் விட்டுவிடுகிறேன்.

வேதாளரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் கை முதலில் போனது அங்கேதான். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக்காரரான லீ ஃபாக் 1934 ஜூனில் மந்திரவாதி மாண்ட்ரேக்கைத் தொடங்கினார். 1936 பிப்ரவரி 17 அன்று முகமூடி மனிதர் வேதாளரைக் களத்தில் இறக்கினார். முதலில் வரைந்தவர் ரே மூர். 1961 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரைந்தவர் சை பாரி. நம்மில் பெரும்பாலோர் மனத்தில் இருக்கும் வேதாளரின் முகம் அவர் போட்டது. ஃபாக் 1999 மார்ச்சில் இறக்கும்வரை இரண்டு தொடர்களுக்கும் கதை எழுதிக்கொண்டே இருந்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே மனிதர் தினமும் இரண்டு கதைகளை ஓட்டியிருக்கிறார். ஒரு நாளிதழில் வாரம் ஒரு பத்தி எழுதவே திணறியவன் என்ற முறையில் அவருக்கு ஒரு கும்பிடு.

அந்த ஊதா உடையின் கதை வேடிக்கையானது. ஃபாக்கின் எண்ணத்தில் அது சாம்பல் நிறம். 1939-ல் ஞாயிறு வண்ணப் பக்கம் தொடங்கியபோது அச்சில் ஊதாவாக வந்தது, அப்படியே நிலைத்துவிட்டது. ஸ்வீடனில் அவருக்கு நீலம், இத்தாலியில் சிவப்பு. நம் ஊரில் நிறம் மாறவில்லை, பெயர் மாறியது. ஒரு வெளியீட்டில் வேதாளர், ராணி காமிக்ஸில் மாயாவி. முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி என்று வேறொருவர் ஏற்கெனவே இருந்ததால், எங்கள் தெருவில் மாயாவி என்றால் எந்த மாயாவி என்று கேட்டுத்தான் பேச்சைத் தொடர வேண்டும். இரும்புக்கையர் பிரிட்டிஷ் வார இதழ் ஒன்றிலிருந்து வந்தவர், நாளிதழ்க்காரர் இல்லை. இந்தக் கணக்கில் சேரமாட்டார்.

1964-ல் டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் இந்திரஜால் காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழே வேதாளர் கதைதான். மூலத்தில் அவர் வாழும் நாட்டின் பெயர் பெங்கல்லா. அது வங்காளத்தை நினைவூட்டும் என்பதாலோ என்னவோ, இந்திய இதழ்களில் டெங்காலி ஆனது. அவருடைய பரம்பரைப் பகைவர்களான சிங் கடற்கொள்ளையர் சிங்கா ஆனார்கள். சிறுவயதில் இதெல்லாம் தெரியாது. மண்டையோட்டுக் குகை, டெவில் என்ற ஓநாய், ஹீரோ என்ற வெள்ளைக் குதிரை, தாடையில் பதியும் மோதிர முத்திரை போதும். இன்று படித்தால் வேறொன்றும் கண்ணில் படுகிறது. இருபத்தொரு தலைமுறையாக ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் காட்டில் நீதி வழங்குகிறது. காட்டு மக்கள் மரத்தடியில் அமர்ந்து அவர் சாகாதவர் என்று பழமொழி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 1930களின் பத்திரிகைக்கு அது உறுத்தவில்லை. என் அக்காள் மகளுக்கு உறுத்தும், உறுத்தவும் வேண்டும். அதற்காகக் கொடுக்கக் கூடாது என்று சொல்லமாட்டேன். கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார வேண்டும்.

நான் வேதாளரை ஒதுக்கியதற்குக் காரணம் அதுவல்ல. குடச் சோதனையில் அவர் தேறவில்லை. தினத்துக்கு மூன்று நான்கு கட்டம் வீதம் ஒரு கதை மாதக்கணக்கில் நகரும். தொகுப்பில் படிக்கும்போது ஒவ்வொரு வரிசையிலும் அவர் மறுபடி குதிரையேறுகிறார், வில்லன் மறுபடி தன் திட்டத்தை உரக்கச் சொல்கிறான். சின்ன வயதில் இந்த அலுப்பு தெரியாததற்குக் காரணம் உண்டு. நம் கைக்கு வந்தவை பெரும்பாலும் வெட்டி ஒட்டி, கட்டங்களை மாற்றி அடுக்கி, ஓர் இதழுக்குள் அடக்கிய கதைகள். நாம் படித்தது நாளிதழ்த் தொடர் என்பதே பலருக்குத் தெரியாது. சிவகாசியிலிருந்து வந்த ரிப் கிர்பி, காரிகன் கதைகளில் பக்கம் முழுக்க ஒரே அளவுக் கட்டங்கள் வரிசையாக இருந்தது நினைவிருக்கிறதா? அவை எல்லாம் அமெரிக்க நாளிதழ்களின் தினப்பட்டைகள். லயன் காமிக்ஸ் 1984 ஜூலையில் தன் முதல் இதழில் கொண்டுவந்த மாடஸ்டி பிளைசி லண்டன் மாலை நாளிதழ் ஒன்றில் 1963 முதல் 2001 வரை ஓடியவர். ராணி காமிக்ஸின் ஜேம்ஸ் பாண்டும் அப்படித்தான், லண்டன் டெய்லி எக்ஸ்பிரஸின் தினத்தொடர்.

இந்தக் கூட்டத்தில் ரிப் கிர்பி மட்டும் என்னைக் கொஞ்சம் தடுமாற வைத்தார். ஃபிளாஷ் கார்டன் என்ற விண்வெளித் தொடரை வரைந்த அலெக்ஸ் ரேமண்ட், இரண்டாம் உலகப்போரில் கடற்படைப் பிரிவில் பணிசெய்துவிட்டுத் திரும்பி 1946-ல் தொடங்கிய தொடர். கண்ணாடி போட்ட, குழாய் புகைக்கும், முஷ்டியைவிட மூளையை நம்பும் துப்பறிவாளர். பழைய திருடரான வீட்டுப் பணியாளர் டெஸ்மண்ட். கறுப்பு மையை ரேமண்ட் விடுகிற இடமும் விடாத இடமும் பார்த்துப் பார்த்து ரசிக்க வேண்டியவை. அவர் 1956-ல் கார் விபத்தில் இறந்தார். பிறகு ஜான் பிரென்டிஸ் 1999 வரை தொடர்ந்தார். ஆனால் கதை? யார் கொலைகாரன் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் மறுபடி எடுப்பது படத்துக்காக மட்டும்தான். படத்துக்காக மட்டும் ஒரு முழம் இடம் கொடுக்க எனக்கு மனமில்லை. ஓவியம் கற்கிறவர் என்றால் தயங்காமல் வாங்கலாம்.

கிரேஸி கேட் பற்றி மூன்றாம் நண்பர் சொன்னதில் தவறு ஏதும் இல்லை. நியூ ஆர்லியன்ஸில் பிறந்த ஜார்ஜ் ஹெரிமன் வேறொரு தொடரின் கட்டங்களுக்கு அடியில், தரையோரமாகப் பூனையும் எலியும் விளையாடுவதாகக் கிறுக்கத் தொடங்கினார். 1913-ல் அந்தப் பூனைக்குத் தனித் தொடரே கிடைத்தது. பூனை எலியைக் காதலிக்கிறது. இக்னாட்ஸ் என்ற அந்த எலி பூனையின் தலையில் செங்கல்லை எறிகிறது. பூனை அதைக் காதலின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. பூனையை மனத்துக்குள் நேசிக்கும் நாய்ப் போலீஸ்காரர் எலியைப் பிடித்துச் சிறையில் அடைக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு இவ்வளவுதான் கதை. பூனை ஆணா பெண்ணா என்பதைக்கூட ஹெரிமன் முடிவுசெய்யவில்லை. பின்னணியில் அரிசோனாவின் கோகொனினோ பாலைவனம் கட்டத்துக்குக் கட்டம் மாறிக்கொண்டே இருக்கும்: மலை மரமாகும், பகல் இரவாகும். பொதுமக்களிடம் பெரிய வரவேற்பு இல்லை. பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்ட்டுக்குப் பிடித்திருந்ததால் 1944-ல் ஹெரிமன் இறக்கும்வரை யாரும் கை வைக்க முடியவில்லை.

வாங்கலாமா என்றால், ஆங்கிலம்தான் தடை. பூனை பேசுவது பல குடியேறிகளின் உச்சரிப்பும் ஸ்பானியமும் தெரு மொழியும் பிசைந்த ஒரு கூட்டாஞ்சோறு. வாய்விட்டுப் படித்தால்தான் பாதி புரியும். சென்னைத் தமிழும் கொங்குத் தமிழும் மணிப்பிரவாளமும் கலந்து ஒருவர் கவிதை எழுதினால் வெளிநாட்டார் எப்படித் திணறுவாரோ அப்படித் திணறினேன். நூலகத்தில் கிடைத்தால் ஒரு ஞாயிறு முழுக்க எடுத்துப் பாருங்கள். வீட்டில் வைத்தால் மரியாதைக்காக வைத்ததாகிவிடும்.

வின்சர் மெக்கேயின் லிட்டில் நீமோ 1905-ல் நியூயார்க் ஹெரால்டில் தொடங்கியது. கனவு காணும் சிறுவன் ஒவ்வொரு வாரமும் கடைசிக் கட்டத்தில் கட்டிலிலிருந்து விழித்தெழுவான். அன்றைய நாளிதழின் முழுப் பக்க அளவில் பார்த்தால் மூச்சு நிற்கும். அந்த அளவில் அச்சிட்ட தொகுப்பு என் தட்டில் நிற்காது, படுக்கவும் செய்யாது. சுருக்கிய அளவில் வாங்கினால் எழுத்து எறும்பாகிவிடும்.

கார்ஃபீல்ட்? 1978 ஜூனில் 41 நாளிதழ்களில் தொடங்கி, உலகில் மிக அதிக நாளிதழ்களில் வரும் தொடர் என்று கின்னஸில் ஏறிய பூனை. பொம்மையாகவும் குவளையாகவும் விற்க வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்தே உருவாக்கியதாக ஜிம் டேவிஸ் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார். லசான்யா என்ற இத்தாலியப் பண்டத்தின் மேல் ஆசை, திங்கட்கிழமை வெறுப்பு, நாயை மேசையிலிருந்து உதைப்பது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பத்து பக்கம் படிக்கலாம். பிறகு பஸ் வந்துவிட வேண்டும்.

ஆக, மேசையில் மிஞ்சியவை இரண்டு. இவற்றை வைத்துக்கொண்டு நான் மூன்று மாதம் இழுத்தடித்தேன்.

சார்லஸ் ஷூல்ஸ் 1922-ல் மினசோட்டா மாநிலத்தில் பிறந்தவர். தந்தை முடிதிருத்துபவர். பிறந்த சில நாளிலேயே அவருக்கு வீட்டில் வைத்த செல்லப்பெயர் ஒரு நாளிதழ்த் தொடரில் வரும் குதிரையின் பெயரிலிருந்து வந்தது. 1950 அக்டோபர் 2 அன்று ஏழு நாளிதழ்களில் அவருடைய தொடர் தொடங்கியது. பீனட்ஸ் என்று பெயர் வைத்தது, தொடரை நாளிதழ்களுக்கு விற்ற விநியோக நிறுவனம். ஷூல்ஸுக்கு அந்தப் பெயர் கடைசிவரை பிடிக்கவில்லை. முதல் நாள் கட்டங்களைப் பாருங்கள். இரண்டு குழந்தைகள் தெருவோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். சார்லி பிரவுன் தூரத்தில் வருகிறான். நல்ல பிள்ளை சார்லி பிரவுன் என்று பையன் சொல்கிறான். அவன் கடந்து போனதும், கடைசிக் கட்டத்தில், அவனை எனக்கு எவ்வளவு வெறுப்பு தெரியுமா என்கிறான். குழந்தைகளைக் கொழுகொழு கன்னத்தோடு சிரிக்க வைத்துக்கொண்டிருந்த அமெரிக்கப் பத்திரிகையில், போருக்குப் பிறகான செழிப்பின் நடுவில், இது வந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளின் மொத்த விஷயமும் அந்த நான்கு கட்டத்திலேயே இருக்கிறது.

பில் வாட்டர்சன் 1958-ல் பிறந்தவர், ஒஹையோ மாநிலத்தின் சிறு ஊர் ஒன்றில் வளர்ந்தவர். அரசியல் கேலிச்சித்திரக்காரராகச் சேர்ந்த முதல் வேலையிலிருந்து சில மாதங்களில் வெளியேற்றப்பட்டார். பல தொடர்களை அனுப்பி நிராகரிக்கப்பட்ட பிறகு, 1985 நவம்பர் 18 அன்று கால்வினும் ஹாப்ஸும் சுமார் 35 நாளிதழ்களில் தொடங்கியது. ஆறு வயதுப் பையன், அவனுடைய புலி. மற்றவர் பார்க்கும்போது பஞ்சடைத்த பொம்மை; அவனோடு தனியே இருக்கும்போது ஆறடி உயரத்துக்கு நிமிர்ந்து நடக்கும் தோழன். பெயர்கள் பதினாறாம் நூற்றாண்டு மதச் சீர்திருத்தவாதி ஒருவரிடமிருந்தும் பதினேழாம் நூற்றாண்டுத் தத்துவவாதி ஒருவரிடமிருந்தும் எடுத்தவை. சார்லி பிரவுனின் அப்பாவும் முடிதிருத்துபவர், கால்வினின் அப்பாவும் வாட்டர்சனின் அப்பாவைப் போலவே காப்புரிமை வழக்கறிஞர். இரண்டு பேருமே தகப்பன் தொழிலைத் தொடருக்குள் கொண்டுவந்தார்கள். ஒற்றுமை அங்கே முடிகிறது.

அளவைப் பாருங்கள். பீனட்ஸ் 17,897 பட்டைகள். கால்வின் 3,160. நாளுக்கு ஒன்று என்று நாளிதழ் வாசகரைப் போலப் படித்தால், கால்வினை முடிக்கும்போது என் அக்காள் மகள் கல்லூரியில் இருப்பாள். பீனட்ஸை முடிக்கும்போது எனக்குத் தொண்ணூற்றொன்பது வயது. கால்வின் முழுத் தொகுப்பு கெட்டி அட்டையில் மூன்று பாகம், பத்து கிலோ எடை. பீனட்ஸ் முழுத் தொகுப்பு 26 பாகம். ஒரு முழம் இடத்துக்கு முன்னது சரியாகப் பொருந்தும். பின்னதற்கு அலமாரியையே மாற்ற வேண்டும்.

கட்டத்தைப் பாருங்கள். பீனட்ஸை விற்கும்போது விநியோக நிறுவனம் சொன்ன சிறப்பே அது அதிக இடம் பிடிக்காது என்பதுதான். ஒரே அளவு நான்கு கட்டம்: பத்திரிகைக்காரர் படுக்கைவாட்டிலும் போடலாம், நெடுக்கிலும் போடலாம், இரண்டுக்கு இரண்டாகவும் அடுக்கலாம். நெற்றிப் பொட்டளவு இடத்தில் வரைய வேண்டியிருந்ததால் ஷூல்ஸ் பின்னணியைத் துடைத்துவிட்டார். ஒரு சுவர், ஒரு மரம், ஒரு நாய்வீட்டின் பக்கத்தோற்றம். ஸ்னூப்பி அந்தக் கூரையின் விளிம்பில் படுத்தே பல ஆண்டுகள் காலம் தள்ளியது. வாட்டர்சனுக்கு அந்த நெருக்கடி பிடிக்கவில்லை. ஞாயிறு வண்ணப் பக்கத்தில் முதல் வரிசையை வெட்டிவிடும் உரிமை பத்திரிகைகளுக்கு இருந்தது. அதனால் ஓவியர்கள் முதல் வரிசையில் வெட்டினாலும் நஷ்டமில்லாத ஏதாவது ஒன்றைப் போட்டுவைப்பார்கள். கல்யாண வீட்டில் மொய் எழுதுமுன் கொடுக்கும் வெற்றிலைபோல. 1991-ல் தொடங்கிய ஒன்பது மாத ஓய்விலிருந்து திரும்பியபோது வாட்டர்சன், ஞாயிறு அரைப் பக்கம் முழுசாகத்தான் தருவேன், வெட்டக் கூடாது என்று நின்றார். பத்திரிகைகள் முணுமுணுத்தன, ஆனால் போட்டன. அதற்குப் பிறகு வந்த டைனோசர்களும் வேற்றுக்கிரக நிலங்களும் பனிச்சறுக்கு வண்டி பாயும் சரிவுகளும் படம் என்ற அளவில் பீனட்ஸை எங்கோ விட்டுவிட்டுப் போய்விடுகின்றன. இதில் விவாதமே இல்லை.

வியாபாரம் பற்றியும் இருவரும் எதிரெதிர். ஸ்னூப்பி காப்பீட்டு விளம்பரத்தில் வந்தது, சட்டையில் வந்தது. 1969-ல் அப்பல்லோ 10 பயணத்தில் சந்திரனை நெருங்கிய கலத்துக்கே அதன் பெயர், தாய்க்கலத்துக்கு சார்லி பிரவுன் பெயர். வாட்டர்சன் ஒரு பொம்மைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்பந்தப்படி உரிமை நிறுவனத்திடம் இருந்தும் பல ஆண்டுகள் சண்டையிட்டுத் தடுத்தார். ஹாப்ஸைப் பொம்மையாக விற்றால், அது உயிருள்ள புலியா வெறும் பொம்மையா என்ற கேள்விக்குக் கடைக்காரர் விடை சொன்னதாகிவிடும் என்பது அவர் வாதம். வாதம் சரி. அமெரிக்கக் கார்களின் பின்பக்கம் கால்வின் சிறுநீர் கழிக்கும் திருட்டு ஸ்டிக்கர்கள் ஒட்டப்பட்டதுதான் அந்தத் தூய்மைக்குக் கிடைத்த பரிசு. வாட்டர்சனின் கொள்கைக்காகவே அவரை உயர்த்திப் பேசுகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தலையணை உறையில் ஸ்னூப்பி சிரிப்பதால் தொடருக்குள் சார்லி பிரவுனின் தனிமை குறைந்துவிடவில்லை. ஆனால் ஒரு தீங்கு நடந்தது: அந்த உறையைப் பார்த்தவர்கள் பீனட்ஸைப் பச்சைக்குழந்தைச் சமாச்சாரம் என்று நினைத்துவிட்டார்கள். என் நண்பர்கள் உட்பட.

இனி சிறுமியிடம் செய்த சோதனை. இரண்டு தொடர்களிலும் ஒவ்வொரு மெலிந்த புத்தகத்தை இரவல் வாங்கி அவள் கையில் கொடுத்தேன். கால்வினை ஒரே இரவில் முடித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை கேள்வி கேட்கும்போது அவன் விண்வெளி வீரனாகிக் கோளில் இறங்கும் இடத்தில் அவள் சிரித்த சிரிப்பு அடுக்களைவரை கேட்டது. கடினமான ஆங்கிலச் சொற்கள் நிறைய. அகராதியைத் தேடவில்லை, படமே இழுத்துக்கொண்டு போய்விட்டது. அடிபட்ட ரக்கூன் குட்டியைக் கால்வின் வீட்டுக்கு எடுத்துவந்து, அது இறந்துபோகும் சிறு தொடர் ஒன்று உண்டு. அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பீனட்ஸைப் பாதியில் வைத்துவிட்டாள். சொற்கள் எளிமை, வாக்கியங்கள் சிறியவை, ஆனாலும் இதில் என்ன சிரிப்பு, அந்தப் பையன் பாவமாக இருக்கிறான் என்றாள். உதைக்கச் சொல்லிப் பந்தைப் பிடித்திருக்கும் லூசி என்ற பெண் ஏன் திரும்பத் திரும்ப அதைக் கடைசி நொடியில் இழுத்துவிடுகிறாள், சார்லி பிரவுன் ஏன் திரும்பத் திரும்ப ஓடி வந்து விழுகிறான் என்று கோபமாகக் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை, ஆனால் என் தடுமாற்றம் அங்கேதான் தீர்ந்தது. ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் அந்தப் பந்துக் காட்சி வரும். லூசி இந்த முறை இழுக்கமாட்டேன் என்பாள், புதிதாக ஒரு காரணம் சொல்வாள், அவன் நம்புவான். சார்லி பிரவுன் பட்டம் விடுவான், அதை மரம் தின்றுவிடும். செந்தலைப் பெண்ணிடம் பேச நினைப்பான், பேசமாட்டான். அவள் முகத்தை ஐம்பது ஆண்டுகளில் ஷூல்ஸ் ஒருமுறையும் காட்டவில்லை. ஓவியப் பள்ளி ஒன்றில் உடன் வேலை பார்த்த பெண்ணிடம் திருமணம் கேட்டு மறுக்கப்பட்டவர் அவர். இந்தத் திரும்பல் வேதாளர் குதிரையேறும் திரும்பலைப் போன்றது அல்ல. ராகம் பாடுகிறவர் ஒரே சுரத்தைச் சுற்றிச் சுற்றி வருவதைப் போன்றது. நாளுக்கு ஒன்று படித்தவருக்குக்கூட இது இவ்வளவு தெரிந்திருக்காது. தொகுப்பில் இரண்டு ஆண்டைச் சேர்த்துப் படிக்கும்போதுதான் கேட்கிறது. குடத்தில் நன்றாக ஆவது இது ஒன்றுதான்.

1962 டிசம்பர் பட்டை ஒன்று. மூன்று கட்டம் முழுக்க சார்லி பிரவுனும் அவன் தோழன் லைனஸும் திண்ணையில் கன்னத்தில் கை வைத்துப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நான்காவதில் அவன் வானத்தைப் பார்த்துக் கத்துகிறான்: மெக்கவி அந்தப் பந்தை இன்னும் மூன்றடி உயரத்தில் அடித்திருக்கக் கூடாதா! அவ்வளவுதான். மெக்கவி ஆடிய சான் பிரான்சிஸ்கோ அணி பேஸ்பால் உலகத் தொடரின் இறுதி ஆட்டத்தைக் கடைசி நொடியில் இழந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கு பேஸ்பால் விதிகளில் ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் 1986 ஏப்ரலில் ஷார்ஜாவில் மியாண்டட் கடைசிப் பந்தை ஆறுக்கு அடித்தபோது வானொலிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பையன் நான். மூன்று மௌனக் கட்டங்களையும் உடனே புரிந்துகொண்டேன்.

கால்வினில் இந்த இடம் இல்லை என்று சொல்லவரவில்லை. கால்வின் தோற்கும்போதும் தன் கற்பனைக்குள் தப்பிவிடுகிறான். அவனுக்கு ஒரு புலி இருக்கிறது. சார்லி பிரவுனின் நாய்க்கோ அவன் பெயர்கூட நினைவில்லை, சோறு கொண்டுவரும் உருண்டைத் தலைப் பையன் என்றுதான் தெரியும். பதினொரு வயதுக்குப் புலி வேண்டும். ஐம்பது வயதில் அந்த நாய் புரிகிறது.

பீனட்ஸ் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: முதல் பாகத்திலிருந்து தொடங்காதீர்கள். 1950களின் தொடக்கத்தில் முகங்கள் இன்னும் உருவாகவில்லை, ஸ்னூப்பி நான்கு காலில் ஓடும் சாதாரண நாய்க்குட்டி. கடைசி இருபது ஆண்டுகளில் கோடு நடுங்கும். 1981-ல் இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஷூல்ஸின் கை நடுங்கத் தொடங்கியது. ஆனாலும் உதவியாளர் ஒருவரையும் அவர் தொடவிடவில்லை. நடுவில் 1963 முதல் 1970 வரையிலான எட்டு ஆண்டுகள்தான் உச்சம். பாகத்துக்கு இரண்டு ஆண்டு என்ற கணக்கில் நான்கு பாகங்கள். ஸ்னூப்பி நாய்வீட்டுக் கூரையில் ஏறி முதல் உலகப்போர் விமானி ஆவது அதில் வருகிறது. ஆண்பிள்ளை மாதிரி செருப்பு மாட்டித் திரியும் பெப்பர்மின்ட் பேட்டி 1966-ல் வருகிறாள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட பிறகு ஒரு பள்ளி ஆசிரியை எழுதிய கடிதத்தைத் தொடர்ந்து, 1968 ஜூலை 31 அன்று கடற்கரையில் ஃபிராங்க்ளின் என்ற கறுப்பினச் சிறுவன் சார்லி பிரவுனின் பந்தை எடுத்துக் கொடுக்கிறான். அறிமுகத்துக்கு ஒரு முழக்கமும் இல்லை. இரண்டு பையன்கள் மணல்வீடு கட்டுகிறார்கள்.

வாட்டர்சன் பத்து ஆண்டுகளில், சரக்கு தீருமுன், 1995 டிசம்பர் 31 அன்று நிறுத்திக்கொண்டார். புதுப் பனியில் பையனும் புலியும் சறுக்கிப் போகிறார்கள். ஷூல்ஸ் நிறுத்தவில்லை, உடம்பு நிறுத்தியது. அவருடைய கடைசி ஞாயிறுப் பட்டை 2000 பிப்ரவரி 13 அன்று வெளியானது. முந்தைய இரவு அவர் இறந்துவிட்டார். மறுநாள் காலை நாளிதழைப் பிரித்தவர்கள் விடைபெறும் கடிதத்தையும் மரணச் செய்தியையும் ஒன்றாக அறிந்தார்கள்.

கடைசியில் நடந்தது இது. தட்டுக்கு நான்கு பீனட்ஸ் பாகங்களைத் தேர்ந்தெடுத்தேன். கைக்காசு பார்த்து முதலில் 1963-64 பாகத்தை மட்டும் வாங்கியிருக்கிறேன். மற்றவை ஆறு மாதத்துக்கு ஒன்றாக வரும். உங்கள் வீட்டில் பன்னிரண்டு வயதுக்குக் கீழே ஒருவர் இருந்து, பெரியவர் யாரும் படிக்கப்போவதில்லை என்றால், என் பேச்சைக் கேட்காமல் கால்வினை வாங்குங்கள். முழுத் தொகுப்பு வேண்டாம், பத்து கிலோவைச் சிறுமியால் தூக்க முடியாது. சாதா அட்டையில் தனித்தனியாக வரும் புத்தகங்கள் போதும், படுத்துக்கொண்டே படிக்கலாம். அவளுக்கும் அப்படி ஒன்று தனியாக வாங்கினேன். ஒரு தொகுப்பு என்ற விதியை மீறியதாகாது. அது என் அலமாரிக்கு வரவே இல்லை, நேராக அவள் பையில் போய்விட்டது.

வேதாளர்கள் பரணில் தகரப் பெட்டியில் இருக்கிறார்கள். போன சனிக்கிழமை அவள் நாற்காலி போட்டு அதை இறக்கச் சொன்னாள்.